கல்யாண மண்டபத்துக்குப் போகவிருந்த விமானம்

திருப்பூரில் எந்த இயந்திரம் நின்றாலும் முதல் பழி பஞ்சின் மீதுதான் விழும். ஏ.சி. குளிராவிட்டால் பஞ்சு. லிஃப்ட் பாதியில் நின்றால் பஞ்சு. செல்போன் சார்ஜ் ஏறாவிட்டால் அதன் ஓட்டைக்குள்ளும் பஞ்சு. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடும். அதனால் மகுடேஸ்வரன் தன் கையால் கட்டிய விமானத்தின் எஞ்சின் திக்கத் தொடங்கியபோது, நூல் கடைக்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள்.

"பஞ்சு அடைச்சிருக்குமுங்க. ஏர் அடிச்சுப் பாருங்க."

அவரும் அடித்துப் பார்த்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றி அடித்தார். பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாக மாற்றினார். டேங்கை வடித்து, பெட்ரோலை வெள்ளை பனியன் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓர் இழைகூட இல்லை. மறுபடி எஞ்சினை ஓட்டினால், மெதுவாக ஓடும்வரை சொன்ன பேச்சைக் கேட்டது. பாதி வேகத்தைத் தாண்டியதும் தடதடவென்று உதறியது, இடையிடையே பட்டாசு மாதிரி வெடித்தது. முன்னால் மாட்டியிருந்த விசிறி ஒரு சீராகச் சுற்றாமல் விட்டுவிட்டு இழுத்ததில், வால் பக்கம் கட்டியிருந்த கயிறு முறுகி முறுகித் தளர்ந்தது.

இதையெல்லாம் அவருடைய மனைவி மதுமதி பனியன் துணி பின்னும் நிட்டிங் ஹாலின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது விமானத்தை அல்ல, விமானம் நிற்கும் ஷெட்டை. காங்கயம் ரோட்டில் இருந்த அவர்களுடைய யூனிட்டில் இனி ஒரு நாற்காலி போடக்கூட இடம் கிடையாது. ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. இரண்டு புது நிட்டிங் மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த திங்கட்கிழமை லாரியில் வருகிறது. இறக்கி வைக்க இருக்கிற ஒரே இடம் பின்பக்கத்துத் தகர ஷெட். அதில் ஆறு வருஷமாக ஒரு விமானம் இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மகுடேஸ்வரன் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மனிதர். சீட்டாட மாட்டார், ரியல் எஸ்டேட் பக்கம் போக மாட்டார். வரைபடம் வாங்கி விமானம் கட்டினார், அவ்வளவுதான். இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் மட்டும் ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. ரோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவ அறைக்குள் ஒரு கனத்த இரும்பு முக்கோணம் சுழலும், பக்கத்து அறையில் இன்னொன்று. மேலும் கீழும் குதிக்கிற பாகமே இல்லை, எல்லாம் சுற்றுவதுதான். நிட்டிங் மெஷினும் வட்டமாகச் சுற்றுகிற ஜாதி என்பதால் அவருக்கு அந்த எஞ்சின்மீது ஒரு சொந்தக்காரப் பாசம். பறப்பதற்கான அனுமதி தனிக்கதை. அது ஏதோ ஓர் ஆபீஸில் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. அதுவரை தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பழக்குவோம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியே தள்ளி, வாலைக் கான்கிரீட் தூணில் கட்டி ஓட்டுவார்.

இந்த நிலைமையில்தான் மதுமதியின் அண்ணன் தங்கராஜ் வெள்ளகோவிலிலிருந்து சாப்பிட வந்தார். அவருக்கு அங்கே ஒரு கல்யாண மண்டபம். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஷெட்டுக்குப் போய் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி.

"ஏனுங்க மாப்பிள்ளை, இதை எங்க மண்டபத்து வாசல்ல வெச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளை உள்ள உக்காந்து கைய ஆட்டோணும். மேலிருந்து பூக் கொட்டோணும். தாராபுரத்துல இருந்தெல்லாம் புக்கிங் வரும்."

"மச்சான், இது பறக்கறதுக்குக் கட்டுனதுங்க."

"கல்யாணம் பண்றவிங்களும் அன்னிக்கு ஒருநாள் பறக்கறவிங்கதானே?"

"எஞ்சின் ஓடுமுங்க."

"எங்க மாப்பிள்ளை ஓடுது? இருமுது."

மகுடேஸ்வரன் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். மதுமதி ஷெட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"சரி, ரெண்டு பேரும் நாயம் பேசுனது போதும். திங்கக்கெழமை மெஷின் வருது. அன்னிக்கு அண்ணன் ஒரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் இது முழு வேகத்துல திக்காம ஓடுச்சுன்னா, இங்கயே இருக்கட்டும். நான் வேற இடம் பாத்துக்கறேன். இல்லீன்னா மெஷின் வந்த லாரியிலயே வெள்ளகோவில். என்னங்க, சரிதானுங்க?"

"சரி அம்மிணி," என்றார் மகுடேஸ்வரன். அவர் அவளிடம் சரி என்பதைத் தவிர வேறு சொல்லிப் பழகியதில்லை.

அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் ஷெட்டில் வேலை நடந்தது. அந்த எஞ்சினில் முக்கோணத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு பிளக். நாலையும் மாற்றினார். முன் அறைக்குப் பொறி கொடுக்கிற காயிலைப் பின் அறைக்கும், பின்னதை முன்னதுக்கும் மாற்றிப் போட்டார். பழுது காயிலில் இருந்தால் அதுவும் கூடவே இடம் மாறும் என்பது கணக்கு. மாறவில்லை. பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை அதேபோல மாற்றினார். காற்றுக் குழாய் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் சோப்பானதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது குழந்தை மாதிரி இருந்தது. வேகம் கொடுத்தால் தடதடதட.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் தோசையை முக்கோணமாகப் பிய்த்து வைத்துக்கொண்டு யோசித்ததைப் பார்க்க மதுமதிக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் ஷெட் ஷெட்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூனிட்டில் ஆள் இல்லை. மதுமதி மட்டும் வந்து, மறுநாள் போகவேண்டிய துணி ரோல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியின் தரம் அவள் பொறுப்பு. பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு மேல் ஒரு துண்டுத் தலைப்பாகை தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்து லிங்கசாமி.

"அம்மிணி, உங்கூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க. அந்தப் பிளேனை ஒண்ணு ஓட்டச் சொல்லுங்க, இல்லீன்னா நிறுத்தச் சொல்லுங்க. இப்படி விட்டு விட்டு இடிச்சா மாடு பால் எறக்க மாட்டீங்குது."

"முந்தியும்தானுங்கண்ணா சத்தம் வந்துச்சு?"

"அது வேற சத்தமுங்க. ஒரே இழுப்பா 'ங்ங்ங்'ன்னு வரும். மாடு பழகிக்கிச்சு. சொல்லப்போனா அந்தச் சத்தம் கேட்டா மடியை எறக்கும். எம் பேத்திக்குக் காதுகுத்து வெச்சமுல்ல, அன்னிக்கு வந்த சனமெல்லாம் கறிச்சோத்தை எலையில விட்டுப்போட்டுச் சுவத்து மேல ஏறிப் பாத்துதுங்க. ஒரு தரம்கூட விடலீங்களே, அத்தனை நேரம் ஓடியும்! இப்ப என்ன கேடு வந்துதோ."

அவர் போய்விட்டார். மதுமதி ரோலைச் சுருட்டாமல் அப்படியே நின்றாள்.

துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால், அவள் கோட்டை ஆராயமாட்டாள். ரோல்களைப் பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே போவாள். எந்த ரோலில் கோடு இல்லை, எந்த ரோலில் தொடங்கியது? இரண்டுக்கும் நடுவில் மெஷினில் யார் கை வைத்தார்கள்? ஊசி மாற்றினார்களா, நூல் மாற்றினார்களா, எண்ணெய் விட்டார்களா? அதைப் பிடித்துவிட்டால் பழுது தானாக வந்து கையில் விழும். பல வருஷமாக இதுதான் அவள் வேலை. ஆனால் அவள் வீட்டுக்காரர் எஞ்சினைத் தலைகீழாகப் புரட்டிய இத்தனை நாளில், 'எப்போதிருந்து?' என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்கு அது துணி இல்லையே, விமானம்.

ஷெட்டுக்குப் போனாள். மகுடேஸ்வரன் இறக்கைக்கு அடியில் ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, லிங்கசாமியண்ணன் ஊட்டுக் காதுகுத்து அன்னிக்கு இது நல்லாத்தானே ஓடுச்சு?"

"அருமையா ஓடுச்சு. அன்னிக்கு இருந்த மாதிரி என்னிக்குமே ஓடலை."

"அதுக்கப்பறம் எப்ப ஓட்டுனீங்க?"

"நம்ம ஆடிட் முடிஞ்சுதுல்ல, அதுக்கு மறுநாள். அன்னிக்குத்தான் மொதல்ல திக்குச்சு."

"நடுவுல என்ன பண்ணுனீங்க?"

"நான் என்ன பண்றது? ஆடிட் ஆளுங்க வர்றாங்கன்னு நீதான் ஷெட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிட்டயே. தொடவே இல்லை."

மதுமதி தலையாட்டினாள். "சித்த நேரம் ஊட்டுக்குப் போயி சாப்புட்டுட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கறேன்."

அவர் போனதும் அவள் எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்தினாள். ஆறு வருஷத்தில் அவள் அதற்குள் எட்டிப் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். அப்போதெல்லாம் உள்ளே வயர்கள் திசைக்கொன்றாகத் தொங்கும், பார்த்தாலே கண் கூசும். இப்போது அப்படி இல்லை. வயர்கள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து, கறுப்பு ஸ்பைரல் சுற்றி, விரற்கடைக்கு ஒரு கேபிள் டை போட்டு, நேர்க்கோடாக ஓடின. முனைக்கு முனை மஞ்சள் நம்பர் ஸ்டிக்கர்.

அந்த ஸ்டிக்கரை அவளுக்குத் தெரியும். வாங்கியதே அவள்தான்.

துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் என்றால் திருப்பூரில் தீபாவளிக்கு வெள்ளையடிப்பது போல. தீயணைப்பு சிலிண்டர் துடைக்கப்படும், நடைபாதைக்கு மஞ்சள் கோடு போடப்படும், முதலுதவிப் பெட்டியில் பழைய பஞ்சு போய்ப் புதுப் பஞ்சு வரும். எல்லாவற்றுக்கும் மேலே வயர். ஆடிட் ஆட்களுக்குத் தொங்கும் வயரைக் கண்டால் ஆகாது. போன தடவை ஒரே ஒரு ஃபேன் வயர் தொங்கியதற்கு மார்க் போனது. அதனால் இந்த முறை எலக்ட்ரீஷியன் ராஜபாண்டியைக் கூப்பிட்டு அவள் சொன்னது அவளுக்கே வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது: 'காம்பவுண்டுக்குள்ள ஒரு வயர்கூடத் தொங்கப்படாது.' சாவிக்கொத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

அவனுக்குப் போன் போட்டாள். ராஜபாண்டி விருதுநகர்ப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் ஊருக்கு அனுப்பப் பனியன் வாங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பிளேன்ல வயரெல்லாம் கட்டுனது நீயா?"

"ஆமாக்கா! எப்புடி இருக்கு? அதுக்கு முன்னாடி காக்கா கூடு மாதிரி கிடந்துச்சு. ரெண்டு நாளு உக்காந்து அம்புட்டையும் டிரெஸ் பண்ணேன். ஆடிட்டர் வந்து போட்டோ எல்லாம் எடுத்தாருக்கா. 'வெரி குட்'ன்னாரு."

"தம்பி, நிட்டிங் மெஷின்ல சென்சார் வயரை எங்க கொண்டுபோவே?"

"தனியாக்கா. இன்வெர்ட்டர் கேபிள் பக்கமே விட மாட்டேன். விட்டா மெஷின் சும்மா சும்மா நிக்குமே."

"அப்ப இதுல?"

போனில் ராஜபாண்டி கடைக்காரரிடம் 'கொஞ்சம் இருங்கண்ணே' என்பது கேட்டது.

"அது மெஷினுக்குக்கா," என்றான் ராஜபாண்டி. "இது பிளேனுல்ல."

இவனைச் சொல்லி என்ன? இத்தனை நாளும் அவளுக்கும் அதேதான் தோன்றியிருந்தது. நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தால் நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அதன் வயர் பெரிய கரண்ட் போகிற கேபிளோடு ஒட்டி ஓடினால், ஊசி உடையாமலே 'உடைந்துவிட்டது' என்று பொய் சொல்லும். இங்கே எஞ்சின் தண்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மெல்லிய வயர், பொறிக்கு உயர் அழுத்தம் கொண்டுபோகும் தடித்த பிளக் வயர்களுக்கு நடுவில், ஸ்பைரலுக்குள், அண்ணன் தம்பி மாதிரி அணைத்துக்கொண்டு கிடந்தது. மெதுவாக ஓடும்போது அழுத்தம் குறைவு, பொய்யும் குறைவு. வேகம் ஏற ஏறப் பொய்யும் ஏறும். தப்பான நேரத்தில் பொறி. தடதடதட.

மதுமதி மூடியை இறக்கிவிட்டு ஷெட்டில் நடந்தாள். இந்த மூலையில் ஒரு மெஷின், அந்த மூலையில் ஒரு மெஷின், நடுவில் நூல் பெட்டி. கனக் கச்சிதம். அவள் எதுவுமே செய்ய வேண்டாம். பேசாமல் வீட்டுக்குப் போய்க் காப்பி போட்டால் போதும். காலையில் எஞ்சின் திக்கும், அண்ணன் டீயைக் குடிப்பார், விமானம் லாரி ஏறும். யாரும் அவளை எதுவும் கேட்கப்போவதில்லை. ராஜபாண்டியும் வாயைத் திறக்கமாட்டான்.

மண்டபத்து வாசலில் அது நிற்பதை நினைத்துப் பார்த்தாள். பட்டு வேட்டி மாப்பிள்ளை ஒருவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். போட்டோகிராபர் 'இன்னும் கொஞ்சம் சிரிங்க' என்கிறார். அதுகூடப் பரவாயில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவளுக்குச் செரிக்காதது வேறு. பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்தே அதைச் சுருட்டி, பாலிதீன் கவர் போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புவது. துணியில் அதை ஒருத்தன் செய்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவாள். அதைத் தானே செய்துவிட்டு நாளைக் காலையில் ரோலைப் பிரித்து நிற்க முடியுமா?

"கெரகம்," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் அவருக்குப் போன் செய்தாள். "சாப்புட்டாச்சுன்னா வாங்க. கட்டிங் பிளேயர் எடுத்துட்டு வாங்க."

மகுடேஸ்வரன் வந்து அவள் சொன்னதைக் கேட்டார். முழுதாகக் கேட்டார். எஞ்சின் மூடிக்குள் குனிந்து அந்த அழகான கறுப்புக் கட்டை விரலால் தடவினார்.

"இத்தனை நாள் எல்லாத்தையும் கழட்டுனீங்களே, இது கண்ணுல படவே இல்லீங்களா?"

"பட்டுச்சு."

"அப்பறம்?"

அவர் ஸ்பைரலைத் தடவிக்கொண்டே இருந்தார். காது மடல் சிவந்தது. "ஆடிட் முடிஞ்ச மறுநாள் மூடியைத் தொறந்தா இப்படி ஜோரா இருக்குது. ராஜபாண்டியைக் கேட்டேன், 'அக்கா சொன்னாங்க'ன்னான். சரி, இத்தனை வருசம் இதைக் கண்டாலே மூஞ்சியத் திருப்புவே, இப்பத்தான் மனசு எறங்கி ஆள் விட்டுச் செஞ்சு குடுத்திருக்கறேன்னு நெனச்சேன். ஒட்டுக்கா ரெண்டு நாள் வேலை. அதுல போயி நான் கத்திரிக்கோல் வெக்கறதா?"

மதுமதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காயிலு, பிளக்கெல்லாம் மாத்துனீங்களே, அப்பக்கூட வயரை அவுக்கலீங்களா?"

"முனைய மட்டும் கழட்டி மாட்டிக்கிட்டேன். கட்டைத் தொடலை."

"நல்ல மனுசனுங்க நீங்க. நான் ஆடிட்டருக்குப் பயந்து கட்டச் சொன்னேன். இதை மனசுல நெனைக்கவே இல்லை."

"அது இப்பத்தான் தெரியுது," என்றார் அவர் வருத்தமாக. பிறகு வருத்தம் நீடிக்காமல் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பிளேயரைக் குடு."

கேபிள் டைகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். அவர் வெட்ட, அவள் ஸ்பைரலைச் சுருள் சுருளாக உருவினாள். மெல்லிய சென்சார் வயரைத் தனியாகப் பிரித்து, எஞ்சினின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். பிளக் வயர்கள் ஒன்றையொன்று தொடாமல் விரல் இடைவெளி விட்டுத் தள்ளி நிறுத்தினார்கள். உள்ளே பார்க்க மறுபடியும் காக்கா கூடு. முடித்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. இருட்டில் விசிறியைச் சுற்றவிடுவதில்லை என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அடக்கமாட்டாத ஆசையோடு விமானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தார். சரியாகுமா என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

காலையில் லாரி வந்து வாசலில் நின்றது. மேலே தார்ப்பாய் போர்த்திய இரண்டு நிட்டிங் மெஷின். அதற்குப் பின்னாலேயே காரில் தங்கராஜ் இறங்கினார், கூடவே மண்டபத்து போட்டோகிராபர். தங்கராஜ் கையில் அளவு டேப்பும் ஒரு சாமந்தி மாலையும்.

"மாலை எதுக்குங்கண்ணா?" என்றாள் மதுமதி.

"எடம் மாறிப் போகுதில்ல, சும்மாவா அனுப்பறது?"

விமானத்தை வெளியே தள்ளினார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைத் தூணில் கட்டியாயிற்று. எல்லோரையும் இறக்கைக்குப் பின்னால் தள்ளி நிற்கவைத்து, மகுடேஸ்வரன் காதுக்கு மூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். தங்கராஜுக்கு பேக்கரியிலிருந்து டீ வந்தது. சாதாரண டம்ளர் இல்லை. பெரிய டம்ளர், ஆவி பறக்க. அவரே சொல்லி வாங்கியது.

"ஏண்ணா, இது என்ன, குண்டாவா?"

"டீன்னுதானே பேச்சு? அளவு பேசலையே அம்மிணி."

எஞ்சின் பற்றிக்கொண்டது. மெதுவாக ஓடியது. அதில் அதிசயம் இல்லை, எப்போதும் ஓடுவதுதான். எண்ணெய் சூடேறும்வரை காத்திருந்துவிட்டு மகுடேஸ்வரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தங்கராஜ் முதல் வாய் குடித்தார். வேகம் ஏறியது. பாதியைத் தொட்டது.

தாண்டிப் போய்விட்டது. திக்கவில்லை. உதறவில்லை. லிங்கசாமி சொன்ன அதே சத்தம், ஒரே இழுப்பாக, பாவாடை நாடா மாதிரி அறுபடாமல் நீண்டது. தரையிலிருந்த துண்டுத் துணிகள் பறந்து சுவரில் ஒட்டின. வாலின் கயிறு விறைத்துக் கம்பியாக நின்றது. சுவருக்கு மேல் தலைப்பாகை முளைத்தது.

தங்கராஜ் டம்ளரை ஊதினார். ஒரு மிடறு உறிஞ்சினார். மறுபடி ஊதினார். விசிறிக் காற்று இத்தனை அடித்தும் அவர் டீ மட்டும் ஆறவே இல்லை போலிருந்தது.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பறக்கும்போது கிடைக்கிற காற்று தரையில் கிடைக்காது. நின்ற இடத்தில் முழு வேகத்தில் ஓடினால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்துவிடும். கண்ணாடிக்குள் மகுடேஸ்வரன் சூடு காட்டும் முள்ளையும் மச்சானின் டம்ளரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது தெரிந்தது. கை வேகத்தைக் குறைக்கத் துடித்தது. குறைத்தால் பேச்சுப்படி தோல்வி. அவர் குறைக்கவில்லை. தங்கராஜ் டம்ளருக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி உற்றுப் பார்த்தார்.

மதுமதி நாலே எட்டில் அண்ணனிடம் போனாள். கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

வேகம் இறங்கியது. விசிறி ஓய்ந்து நின்றது. அந்த அமைதியில் சுவரோரம் லிங்கசாமி மாட்டைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"இது செல்லாது!" என்றார் தங்கராஜ். "நானில்ல குடிக்கோணும்?"

"யாரு குடிச்சா என்னங்கண்ணா, டீ முடிஞ்சுதா இல்லையா?" நாக்கு பொரிந்ததில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. "பிளேன் இங்கதான் இருக்கும்."

"உனக்கு எடம் வேண்டாமா? நீ யாரு பக்கம் அம்மிணி?"

அவள் அதற்குப் பதில் சொல்வதற்குள் லாரி டிரைவர் வந்து நின்றான். வண்டி பொழுதோட கரூர் போயாக வேண்டும். "மேடம், மெஷினை எங்க எறக்கறதுங்க?"

மகுடேஸ்வரன் விமானத்திலிருந்து குதித்து இறங்கி, வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். காது மூடியைக் கழற்றவே மறந்துவிட்டார். மதுமதி அண்ணன் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டு, நிட்டிங் ஹாலைத் தாண்டி ஆபீஸ் பக்கம் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். 'மேனேஜிங் டைரக்டர்' என்று பித்தளைப் பலகை மாட்டிய கதவைத் திறந்தாள். ஏ.சி., சோபா, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்குள் பையர்கள் கொடுத்த ஷீல்டுகள். டேப்பின் ஒரு முனையை டிரைவரிடம் கொடுத்துச் சுவருக்குச் சுவர் அளந்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள்.

"ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துட்டா உயரம் பத்தும்," என்றாள். "நடுச்சுவத்தைத் தட்டி பக்கத்து ரூமையும் சேத்துட்டா ரெண்டும் நிக்கும்."

மகுடேஸ்வரன் இப்போதுதான் காது மூடியைக் கழற்றினார்.

"அம்மிணி, இது என்ற கேபினு."

"தெரியுமுங்க. வருசத்துல எத்தனை நாள் இதுல உக்காந்தீங்க? உங்களைத் தேடிட்டு வர்ற பார்ட்டிக்கெல்லாம் நான்தானே 'ஷெட்டுல இருக்கறாருங்க'ன்னு சொல்லிட்டு இருக்கறேன்?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். யோசித்தார். மறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காததுபோல மெல்லத் தலையாட்டினார். பிறகு சுழல் நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டார், இளவட்டம் மாதிரி. தங்கராஜ் மாலையை அலமாரி மேல் வைத்துவிட்டு, தங்கைக்கு உதவியாக மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"அதை விடுங்கண்ணா," என்றாள் மதுமதி. "அவருக்குச் சேரு போதும். டேபிள் எனக்கு வேணும், துணி விரிச்சுப் பாக்க."